அடிபட்ட தமனிக்கு உள்வழியாகவே ஸ்டென்ட், காயில்: கதவுக்கு வெளியே நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு வேலை செய்கிற கேத் லேபுக்கு வெளியே சம்மதப் படிவத்தோடு வந்து நிற்பது பல வருஷமாக என் வேலைகளில் ஒன்று. விபத்தில் அடிபட்டவரின் வீட்டார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கையெழுத்து வாங்கியதும் உள்ளே ஓட வேண்டியிருப்பதால் பாதிப் பதிலோடு விட்டுவிட்டு வந்தவை ஏராளம். அந்தப் பாதிகளையெல்லாம் இங்கே முடித்து வைக்கிறேன். இது பொது விளக்கம் மட்டுமே. உங்கள் ஆளின் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

"பெருசா கிழிக்காமலே ரத்தக்குழாயைச் சரி பண்ணிடலாம்னு சொல்றாங்க. உள்ள என்னதான் பண்ணுவாங்க?"

தொடை இடுக்கில் விரல் வைத்தால் நாடி துள்ளும் இடம் ஒன்று உண்டு. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே அங்கே ஊசி குத்தி, ஊசி வழியாக ஒரு வயரை விட்டு, ஊசியை உருவிவிட்டு, அந்த வயர் மேலேயே ஒரு சின்னக் குழாயை ஏற்றுவார்கள். 1953-ல் ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் என்ற டாக்டர் சொல்லிக் கொடுத்த வித்தை இது, இன்றைக்கும் எங்கள் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. வயர் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. அதைப் பிடித்துக்கொண்டே தமனிக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஏறக்குறைய.

அப்புறம் எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தை, நாங்கள் டை என்போம், உள்ளே செலுத்துவார்கள். நல்ல தமனி கறுப்புக் கோடாகத் தோன்றி இரண்டு மூன்று நொடியில் மறைந்துவிடும். கிழிந்த இடத்தில் மட்டும் தண்ணீரில் மை சொட்டின மாதிரி ஒரு கறுப்பு பரவி, மறையாமல் அங்கேயே நிற்கும். தேடி வந்தது அதைத்தான்.

கண்டுபிடித்த பிறகு செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அந்தத் தமனி இல்லாமல் முடியாது என்றால் உறை போட்ட ஸ்டென்ட்டை உள்ளே விரித்து ஓட்டையை மறைப்பார்கள். அது இல்லாமலும் சமாளிக்கலாம் என்றால் காயில் என்கிற மெல்லிய உலோகச் சுருளையோ, ஜெல் துணுக்குகளையோ வைத்து அடைத்துவிடுவார்கள்.

"ஹார்ட்டுக்கு வைக்கிற அதே ஸ்டென்ட்தானே?"

இல்லை. அடைப்பைத் திறந்து வைக்கிற அந்த ஸ்டென்ட் வெறும் கம்பிவலை. கிழிந்த தமனியில் அதை வைத்தால் வலைக்கண் வழியாக ரத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும். இங்கே வைப்பதில் வலையோடு சேர்த்து ரத்தம் கசியாத செயற்கை உறை ஒன்று இருக்கும். பெரிய தமனிக்கு பாலியெஸ்டர் துணி அல்லது பி.டி.எஃப்.இ. என்கிற பிளாஸ்டிக், சின்ன தமனிக்குப் பெரும்பாலும் பி.டி.எஃப்.இ. தமனியின் உட்சுவர் மட்டும் கிழிந்து தொங்கி ரத்தம் வெளியே கசியவில்லை என்றால் சில சமயம் உறையில்லாத ஸ்டென்ட்டும் போதும்.

"வெளிய ஒரு சொட்டு ரத்தம் வரலையே, தமனி போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

வீட்டார் நம்ப மறுப்பது இதைத்தான், அதிலும் தப்பில்லை. தமனிச் சுவருக்கு மூன்று அடுக்கு. பலமாக இழுபடும்போது முதலில் கிழிவது உள் அடுக்கு, வெளி அடுக்கு தாக்குப்பிடித்துவிடும். கிழிந்த உள் அடுக்கு ஓட்டத்தில் மடங்கி வழியை மறிக்கும், அதன்மேல் ரத்தம் உறையும், கீழே ரத்தம் போவது நின்றுவிடும். முழங்கால் மூட்டு பிசகி வருபவர்களிடம் இதற்காகவே பாதத்து நாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். மூட்டு தானாகவே இடத்துக்குத் திரும்பி, வெறும் வீக்கம் மட்டும் தெரிகிற ஆட்களும் உண்டு, ஏமாற்றுவது அவர்கள்தான்.

நாடி விரலுக்குத் தட்டுப்பட்டால் மட்டும் போதாது. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் டாப்ளர் கருவியைப் பாதத்தில் வைத்தால் நல்ல தமனி 'விஷ்க்… விஷ்க்' என்று குரைக்கிற மாதிரி கேட்கும். மேலே அடைபட்டிருந்தால் அதே சத்தம் இழுவையாக, காற்று மாதிரி வரும். கணுக்கால் பி.பி.யைக் கையின் பி.பி.யால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் அடுத்தது சி.டி. ஆஞ்சியோதான், அதாவது டை செலுத்தித் தமனிகளைப் பார்க்கும் ஸ்கேன். ரத்தம் பீச்சியடிப்பது, வீக்கம் கண்ணெதிரே பெருப்பது, நாடியே இல்லாமல் கால் சில்லிட்டுப் போவது என்றிருந்தால் ஸ்கேனுக்கெல்லாம் காத்திராமல் நேரே ஆபரேஷன் தியேட்டருக்குத்தான்.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

ரத்தம் போகாத கை காலுக்கு ஆறு மணி நேரம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். ஆறாவது மணிவரை ஒன்றும் ஆகாது என்று அதைப் புரிந்துகொள்ளாதீர்கள். நரம்பு அதற்கு முன்பே அடிவாங்கத் தொடங்கிவிடும், கூடவே நசுங்கல் இருந்தால் நேரம் இன்னும் குறைவு. அதோடு கடிகாரம் ஓட ஆரம்பிப்பது அடிபட்ட நொடியில், ஆஸ்பத்திரிக்குள் வந்த நேரத்தில் இல்லை. அதனால்தான் எல்லோரும் முதலில் "எப்போ அடிபட்டது" என்று உங்களைத் துளைத்தெடுக்கிறார்கள்.

வரும் வழியில் செய்யக்கூடியது சொற்பம்தான், ஆனால் பெரிய உதவி. பீறிடும் இடத்தைத் துணி வைத்து விடாமல் அழுத்துங்கள். அழுத்தியும் நிற்காமல் தெரிந்தவர் யாராவது இறுக்குப்பட்டை கட்டினால் கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். குத்தி நிற்கும் கத்தியையோ கம்பியையோ பிடுங்கவே பிடுங்காதீர்கள். ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பது அதுவாகவே இருக்கலாம்.

"இவ்வளவு நல்ல முறைன்னா எல்லாருக்கும் இதையே செய்ய வேண்டியதுதானே?"

புதுசு எல்லாம் உசத்தி, கத்தி எல்லாம் பழசு என்கிற நினைப்பில் வரும் கேள்வி. அடி எந்த இடத்தில் என்பதுதான் முறையைத் தீர்மானிக்கிறது. காறை எலும்புக்குப் பின்னால் ஓடும் தமனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நேரடியாகப் பிடிக்க எலும்பை அறுக்க வேண்டும், சிலருக்கு நெஞ்சையே திறக்க வேண்டும், அதுவும் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது. உள்வழியாகப் போனால் எதையும் அறுக்காமல் ஒரு ஸ்டென்ட்டில் முடியலாம். நெஞ்சுப் பெருந்தமனி, இடுப்புக்கூட்டின் ஆழம், மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம், இங்கெல்லாமும் உள்வழிக்குத்தான் பெரும்பாலும் முன்னுரிமை.

தொடை, முழங்கை, முழங்காலுக்குப் பின்பக்கம் என்றால் கதை வேறு. தோலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிற தமனியைத் திறந்து, அவருடைய காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து இடையில் வைத்துத் தைப்பது உறுதியான வேலை. மூட்டுக்குக் குறுக்கே வைத்த ஸ்டென்ட் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் நசுங்கும், நாளடைவில் கம்பி முறியலாம், அடைபடலாம். மண்ணும் அழுக்கும் புகுந்த திறந்த காயத்தில் செயற்கை உறையை வைத்தால் கிருமி அதில் குடியேறிவிடும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

தையல் சாதாரண விஷயமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு அடிபட்ட தமனியைப் பெரும்பாலும் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவதுதான் வழக்கம். 1946-ல் வெளியான கணக்குப்படி ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தக் கையோ காலோ போயிற்று. கொரியப் போரில் கட்டாமல் தைக்கத் தொடங்கினார்கள், அது 13 சதவீதமாக இறங்கியது. அங்கே ஸ்டென்ட் என்ற பேச்சே கிடையாது.

"மயக்க மருந்து உண்டா? வலிக்குமா?"

காயில் வைப்பதற்கும் சின்ன ஸ்டென்ட்டுக்கும் ஊசி குத்தும் இடம் மட்டும் மரத்துப்போனால் பெரும்பாலும் போதும். டை போகும்போது உடம்புக்குள் திடீரென்று சூடு பரவும், பலர் பயந்துவிடுவார்கள், சில நொடியில் அடங்கிவிடும். நெஞ்சுப் பெருந்தமனி வேலைக்கு முழு மயக்கம் கொடுப்பதே அதிகம். பலமான அடியோடு வருபவர்கள் எப்படியும் வென்டிலேட்டரில்தான் இருப்பார்கள்.

"அடைச்சுட்டா அந்த உறுப்புக்கு யாரு ரத்தம் குடுப்பா?"

நல்ல கேள்வி, உறுப்புக்கு உறுப்பு பதில் மாறும். மண்ணீரலுக்குப் போகும் பெரிய தமனியை நடுவில் அடைத்தாலும் வயிற்றுப் பக்கத்துச் சின்னக் குழாய்கள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டேயிருக்கும். வேகம் குறைவதால் கிழிசல் உறைந்து மூடும், உறுப்பு பிழைத்துக்கொள்ளும். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருவதால் தமனியின் ஒரு கிளையை அடைத்தாலும் தாங்கும். ஆனாலும் பித்தக் கசிவு, பித்தப்பை பாதிப்பு என்று பின்னால் சில தொந்தரவுகள் வரலாம்.

சிறுநீரகம் அப்படியில்லை. அங்கே ஒரு கிளையை அடைத்தால் அது ஊட்டிய துண்டு செத்துப்போகும், வேறு வழி கிடையாது. ஆகவே முடிந்தமட்டும் நுனிவரை போய், ஒழுகுகிற அந்த ஒரு கிளையை மட்டும் அடைக்கப் பார்ப்பார்கள். அடைத்த பின் சில நாள் காய்ச்சலும் வலியும் இருப்பது சகஜம், ஆனால் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனால் உள்ளே சீழ் கட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

"இடுப்பெலும்பு உடைஞ்சு ரத்தம் போயிட்டிருக்கு, உடனே உள்ள கூட்டிட்டுப் போகாம இடுப்பைச் சுத்தி பட்டை கட்டிட்டு நிக்கிறாங்களே?"

நிற்கவில்லை, அந்தப் பட்டைதான் முதல் சிகிச்சை. இடுப்பெலும்பு உடைந்தால் ரத்தம் அதிகம் கசிவது சிரைகளிலிருந்தும் உடைந்த எலும்பிலிருந்தும்தான், காயிலால் அதை நிறுத்த முடியாது. விரிந்த எலும்பைப் பட்டையால் இறுக்கினால் உள்ளே இடம் சுருங்கி, கசிவு தானே அடங்கும். பட்டை கட்டி, ரத்தம் ஏற்றிய பிறகும் பி.பி. நிற்கவில்லை, அல்லது ஸ்கேனில் டை வெளியேறுவது தெரிகிறது என்றால் அது தமனி, எங்கள் பக்கம் வரும். சில இடங்களில் அதற்கு முன்பே தியேட்டரில் இடுப்புக்கூட்டுக்குள் துணி வைத்து அடைப்பதும் உண்டு.

"பெருந்தமனிக்குள்ள பலூனை ஊதி ரத்தத்தை நிறுத்தலாமாமே, அதை ஏன் செய்யலை?"

மொபைலில் வீடியோ பார்த்துவிட்டுக் கேட்பார்கள். பலூன் உண்மைதான், கொரியப் போரில் கார்ல் ஹியூஸ் என்ற ராணுவ டாக்டர் முயன்று பார்த்து 1954-ல் எழுதியும் வைத்தார். ஊதினால் கீழே ரத்தப்போக்கு அடங்கும், மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகும். ஆனால் பலூனுக்குக் கீழே இருக்கும் குடல், சிறுநீரகம், கால் எல்லாம் பட்டினி கிடக்கும். பலூனைச் சுருக்கும்போது அங்கே தேங்கிய கழிவெல்லாம் ஒரே மூச்சில் இதயத்துக்கு வரும்.

பிரிட்டனில் நடத்திய ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. அவசரப் பிரிவில் பலூன் சேர்த்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தது 54 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 42. பலூனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, பழகிய கைகளுக்கு அது இன்னமும் ஒரு கருவிதான். ஆனால் அதை வைக்கப்போய் ரத்தத்தை நிறுத்துகிற வேலை தள்ளிப்போனால் நஷ்டம் அடிபட்டவருக்கு.

"நெஞ்சுல பெரிய தமனியே கிழிஞ்சிருக்குன்னு சொல்லிட்டு நாளைக்குப் பண்ணலாங்கறாங்க. இது நியாயமா?"

பல சமயம் நியாயம்தான். வேகமாக வந்த வண்டி மோதி நிற்கும்போது, இதயமும் பெருந்தமனியின் வளைவும் கொஞ்சம் முன்னே ஊசலாடும், வளைவு முடிந்து முதுகெலும்போடு ஒட்டிய பகுதி அசையாது. இடது கைக்குப் போகும் கிளை பிரியும் இடத்தைத் தாண்டியவுடன், அந்த இரண்டுக்கும் நடுவில் கிழியும். முழுசாகக் கிழிந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிவரை வருவதே இல்லை. வந்து சேர்ந்தவருக்கு வெளி அடுக்கும் சுற்றியுள்ள திசுவும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கின்றன என்று அர்த்தம்.

டாக்டர்கள் இதை நான்கு படியாகப் பிரிப்பார்கள். உள் அடுக்கில் சின்னக் கீறல் முதல் படி. சுவருக்குள் ரத்தக்கட்டு இரண்டாவது. சுவர் பிதுங்கிப் பை போல் நிற்பது மூன்றாவது. உடைந்து வெளியே ரத்தம் போவது நான்காவது. முதல் படிக்கு மருந்தும் மறு ஸ்கேனும் போதும், பெரும்பாலும் தானே ஆறிவிடும். நான்காவதற்கு அந்த நிமிடமே. நடுவில் இருப்பவர்களுக்கு இதயத் துடிப்பையும் பி.பி.யையும் மருந்தால் இறக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ரத்தப்போக்கு, தலைக்காயம் போன்ற உடனே உயிரைக் குடிக்கிற அடிகளை முதலில் கவனிக்கலாம். ஐசியூவில் அந்த ஊசி மருந்து சொட்டிக்கொண்டிருப்பதும் சிகிச்சைதான்.

ஒரு சின்ன வரலாறு: வயிற்றுத் தமனி வீக்கத்துக்கு இந்த முறை பேர் வாங்குவதற்கு முன்பே, 1987-ல், உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலொடோஸ் என்ற டாக்டர் அடிபட்டு வீங்கிய ஒரு நெஞ்சுப் பெருந்தமனியை உள்வழியாகச் சரிசெய்துவிட்டார். அவர் பெயரை இன்று அதிகம் பேர் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம்.

"டை கிட்னியைக் கெடுத்துடும்னு சொல்றாங்களே?"

கெடுக்கலாம். அதிர்ச்சியில் பி.பி. விழுந்து, நசுங்கிய தசையின் கழிவும் சேர்ந்திருக்கும்போது வாய்ப்பு கூடும். அதனால் திரவம் ஏற்றி, அளவைக் குறைத்து, சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ரத்தம் ஒழுகுகிற இடம் தெரியாமல் விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. முன்பு டை அலர்ஜி வந்திருந்தாலோ, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தாலோ கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

"தலையிலயும் அடி. ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியாதா?"

இந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. தமனிக்குள் வயரும் குழாயும் இருக்கும்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பது வழக்கம். தலைக்காயம் இருந்தால் அளவைக் குறைப்பார்கள், வேலை சீக்கிரம் முடியும் என்றால் கொடுக்காமலேயே முடிப்பதும் உண்டு. நரம்பியல் டாக்டரிடம் பேசாமல் இதை முடிவு செய்ய மாட்டார்கள். திறந்து தைப்பதில் இன்னும் அதிகம் தேவைப்படக்கூடும் என்பதால் இந்த இடத்தில் உள்வழி முறைக்குக் கொஞ்சம் அனுகூலம்.

"ஊசி ஓட்டைதான்னீங்க, இப்ப பார்த்தா முழங்காலுக்குக் கீழ நீளமா கிழிச்சு வச்சிருக்கீங்க!"

இதைக் கோபமாகவே கேட்பார்கள், கேட்கட்டும். பட்டினி கிடந்த தசைக்குத் திரும்ப ரத்தம் போனதும் அது வீங்கும். கெண்டைக்கால் தசை நீட்சியில்லாத உறைகளுக்குள் அடைபட்டிருப்பதால் வீங்க இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, புதிதாகத் திறந்த ஓட்டத்தையே நெரித்துவிடும். அந்த உறையை நீளவாக்கில் திறந்துவிடுவதுதான் நீங்கள் பார்த்த வெட்டு. தமனியைச் சரிசெய்த விதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீக்கம் வடிந்ததும் மூடுவார்கள், தேவைப்பட்டால் தோல் ஒட்டுவார்கள். விழித்திருப்பவர் சொல்லும் வலி, அதிலும் விரலை லேசாக மடக்கினாலே அலறுவது, முதல் எச்சரிக்கை. அதை "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அடக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

"ஆரம்பிச்சுட்டு நடுவுல முடியலைன்னா?"

நடக்கும். எல்லாமே வயர் காயத்தைத் தாண்டி மறுபக்கம் நல்ல தமனிக்குள் போவதைப் பொறுத்தது. முழுசாக அறுந்த தமனியின் இரண்டு நுனியும் சுருங்கிப் பின்வாங்கிவிட்டால் வயர் வெறும் ரத்தக்கட்டுக்குள் அலையும். சிலசமயம் தொடையிலிருந்து ஒரு வயர், கையிலிருந்து ஒரு வயர் என்று இரண்டு பக்கமிருந்தும் போய் நடுவில் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாலம் போடுவார்கள். பார்க்கப் பார்க்க மூச்சு நிற்கும் வேலை. அதுவும் முடியாவிட்டால் திறந்து தைப்பார்கள். சம்மதப் படிவத்தில் இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான். பல நேரம் மேலே பலூனை வைத்து ஓட்டத்தைத் தடுத்துக்கொண்டு, திறப்பவருக்கு ரத்தமில்லாத களத்தைக் கொடுக்கவாவது உள்வழி உதவும்.

"நெஞ்சு ஸ்டென்ட் வச்சதுலேர்ந்து இடது கையில பி.பி. குறைவாக் காட்டுது. மெஷின் கோளாறா?"

கோளாறாக இருக்காது. பெருந்தமனி கிழியும் இடம் இடது கைக்கான கிளையை ஒட்டியே என்று மேலே சொன்னேன். ஸ்டென்ட் பிடிமானமாக உட்கார இரண்டு சென்டிமீட்டர் நல்ல சுவர் வேண்டும் என்பதால் சிலருக்கு அந்தக் கிளையின் வாயையே மூட வேண்டிவரும். கழுத்து வழியாக வேறு குழாய்கள் கைக்கு ரத்தம் கொடுத்துவிடும், பலருக்கு ஒன்றும் தெரியாது. இனிமேல் வலது கையிலேயே பி.பி. பாருங்கள். கை சோர்கிறது, வேலை செய்தால் தலை சுற்றுகிறது என்றால் கழுத்துத் தமனியிலிருந்து ஒரு இணைப்பு வைக்கலாம். இதய பைபாஸுக்கு இடது மார்புத் தமனியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தக் கிளையை மூடவே கூடாது, பழைய ஆபரேஷன் விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

"பையனுக்கு 20 வயசு. இது எத்தனை வருஷம் வரும்?"

நேர்மையான பதில்: ஸ்டென்ட் அப்படியே இருக்கும், மாறுவது அவனுடைய தமனி. வயது ஏற ஏறப் பெருந்தமனி மெல்ல விரியும், இன்று சரியாகப் பிடித்தது 30 வருஷம் கழித்துத் தளரலாம். இளைஞர்களுக்குத் தமனி ஒல்லி, வளைவும் கூர்மை. அளவுக்கு மீறிப் பெரிய ஸ்டென்ட்டை வைத்தால் உள்பக்கம் மடிந்து வழியையே அடைத்துவிடும். இப்போது சிறிய அளவுகள் கிடைப்பதால் அது குறைந்திருக்கிறது. வளர்கிற குழந்தைகளுக்கு ஸ்டென்ட் வளராது என்பதால் முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

அதனால் ஸ்கேன் என்பது ஆயுசுக்கும் தொடரும் விஷயம். முதல் வருஷத்தில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. திறந்து தைத்தவர்கள் தழும்பைப் பார்த்தாவது ஞாபகம் வைத்திருப்பார்கள். இவர்களுக்குத் தழும்பே இல்லை, உடம்பும் நன்றாக இருக்கிறது, அடுத்த வருஷம் ஆளையே காணோம்.

"எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?"

இன்றைய ஸ்டென்ட், காயில்களில் பெரும்பாலானவற்றுக்கு எடுக்கலாம், என்ன நிபந்தனை என்று கொடுத்த அட்டையில் இருக்கும். அதைப் படமெடுத்து மொபைலில் வையுங்கள்.

"ரத்தம் உறையாத மாத்திரையை எப்ப நிறுத்தலாம்?"

வைத்த இடத்தைப் பொறுத்தது. கை கால் ஸ்டென்ட்டுக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் சில காலம், பிறகு ஆஸ்பிரின் மட்டும் என்பது பரவலான பழக்கம். காயிலுக்கு எதுவுமே தேவைப்படாமலும் இருக்கும். பல் பிடுங்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

"கத்திக்குத்து ஆறி ஆறு மாசமாச்சு. இப்ப அந்த இடத்துல துடிக்கிற மாதிரி ஒரு கட்டி. கொழுப்புக் கட்டியா?"

கொழுப்புக் கட்டி துடிக்காது. அன்று தமனியில் விழுந்த சின்ன ஓட்டை மூடாமல், கசிந்த ரத்தத்தைச் சுற்றி ஒரு பை உருவாகியிருக்கலாம். அல்லது கத்தி தமனியையும் பக்கத்துச் சிரையையும் சேர்த்துக் குத்தி, இரண்டும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குறுக்கு வழியில் பாய்கிறதாக இருக்கலாம். இரண்டாவது என்றால் மேலே உள்ளங்கையை வைத்தவுடன் தெரியும், பூனை வயிற்றில் கை வைத்த மாதிரி விடாமல் அதிரும். பல வருஷம் விட்டால் அந்தக் குறுக்குப் பாய்ச்சலால் இதயமே களைத்துப்போகும்.

இதற்கெல்லாம் உள்வழி முறை அருமையாக ஒத்துவரும், உறை ஸ்டென்ட்டோ காயிலோ, இடத்தைப் பார்த்துச் செய்வார்கள். அதுவரை அந்தக் கட்டியை அமுக்க வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், சீழ் என்று நினைத்து யாரும் கீறிப் பார்க்க விட வேண்டாம். முதலில் ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.